அலுமாரியில் இருந்த பிராண்டி

பிராண்டிப் போத்தலுக்குள் பூண்டு கிடந்தது.

ஜெயராணி போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தால் என்ன, பூண்டு பூண்டுதான். உரித்த பூண்டு ஏழெட்டுப் பல், அதோடு மிளகு, ஓமம், தட்டிப் போட்ட இஞ்சி இரண்டு துண்டு. கல்யாணச் சேலைக்குப் பின்னால் பத்து நாளாக ஒளித்து வைத்திருந்த பிராண்டி கசாயமாகியிருந்தது.

யார் செய்த வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மா பேச்சியம்மா கட்டுகஸ்தோட்டையில் மகள் வீட்டுக்கு வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்து, அலுமாரியை ஒதுக்கி, மருமகன் வீரசிங்கத்துக்குச் சோறு சமைத்துப் போட்டுவிட்டு, மகளைப் பார்க்காமலேயே திரும்பிப் போயிருந்தாள். அன்று இரவு மடிப்புக் கலையாத சேலைகளைப் பார்த்து ஜெயராணிக்கு மனம் குளிர்ந்துபோனது. சேலைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மணி ஒன்று இருபது. ஐந்து மணிக்குள் வீடியோ கொழும்பு ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிராண்டி அலெக்ஸாண்டர் என்று அந்தப் பானத்துக்குப் பெயர். சாப்பாட்டுக்குப் பிறகு புடிங்குக்குப் பதிலாகக் குடிக்கிற சாமான். பிராண்டி முப்பது மில்லி, கொக்கோ லிக்கர் முப்பது மில்லி, கிரீம் முப்பது மில்லி. ஐஸ் போட்டுக் குலுக்கி, குளிர்ந்த கிளாஸில் வடித்து, மேலே சாதிக்காய் துருவ வேண்டும். கேட்பதற்குப் பால் தேத்தண்ணி போடுவது மாதிரி இருக்கும். ஆனால் குலுக்குவது ஒரு நொடி குறைந்தால் கிரீம் தனியாகவும் மது தனியாகவும் நிற்கும், கூடினால் ஐஸ் கரைந்து எல்லாம் தண்ணீராகிவிடும். பயணிகள் கப்பல் ஒன்றின் பாரில் ஒரு பெண்ணுக்கு இடம் இருந்தது. இருபத்திரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒரே மூச்சில், வெட்டாமல் ஒட்டாமல், ஐந்து நிமிடத்துக்குள் இதைச் செய்து, கடைசியில் ஒரு வாய் குடித்து, ருசி எப்படி என்று இங்கிலீஷில் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதுதான் சோதனை.

ஆறு வருடமாக அவள் கண்டி வாவிக்கு மேலே உள்ள ஒரு ஹோட்டலில் மேசைக்கு மேசை தட்டு தூக்கிக்கொண்டிருந்தாள். பார் மேசைக்கு முன்னால் காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பக்கத்துக் கைகளைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்துக்கொண்டாள். ஒருநாள் துணிந்து மானேஜரிடம் கேட்டபோது, பாருக்குள் பெண்களை விட முடியாது, சட்டம் இருக்கிறது என்று அவர் கையை விரித்துவிட்டார். கடலில் அந்தச் சட்டம் இல்லை. அவள் கடலை நினைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்து இப்போது எட்டு மாதம் ஆகிறது.

கடைக்கு ஓடலாம் என்றால் இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. போயா என்பதால்தான் ஹோட்டல் பாரும் மூடியிருந்தது, பார் மூடியிருந்ததால்தான் அவளுக்கு லீவு கிடைத்தது, லீவு கிடைத்ததால்தான் வீடியோவை இன்றைக்கென்று வைத்திருந்தாள். வீரசிங்கம் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு விடியவே நுவரெலியாவுக்குப் போய்விட்டான். "நீ செஞ்சிருவ, எனக்குத் தெரியும்" என்று போகும்போது சொன்னான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கொக்கோ லிக்கரையாவது காப்பாற்றியிருந்தாள். கடையில் வாங்க அதன் விலைக்குக் கிட்டப் போக முடியாது. தும்பறைப் பக்கத்துக் கொக்கோக் கொட்டையை வாங்கி வறுத்து, தோல் நீக்கி இடித்து, போத்தலைத் திறந்த அன்றே கொஞ்சம் பிராண்டியில் ஊறப்போட்டு, நேற்று வடித்துச் சீனிப்பாகு சேர்த்து வைத்திருந்தாள். அது சமையலறைத் தட்டில் ஜாம் போத்தலில் இருந்ததால் அம்மாவின் கண்ணுக்கு வெறும் பாகாகத் தெரிந்திருக்கும். சாதிக்காய் பின்வீட்டு மரத்திலிருந்து விழுந்தது. கிரீமும் ஐஸ் கட்டியும் பிரிட்ஜில் இருந்தன. எல்லாம் இருந்தது, பேரிலேயே இருக்கிற பிராண்டியைத் தவிர.

அம்மாவுக்குப் போன் எடுத்தாள். பஸ் இரைச்சலுக்குள் அம்மாவின் குரல் வந்தது.

"அங்கதான்டி வந்துகிட்டு இருக்கேன். பேராதெனிய தாண்டிட்டோம்."

"இங்கயா? இன்னைக்கா? ஏம்மா சொல்லாம கொள்ளாம?"

"மகள் வீட்டுக்கு வர்றதுக்குச் சொல்லிட்டு வரணுமா? நீ கீழ எறங்கி வராத. படி வழுக்கும். பாரம் கீரம் ஒண்ணும் தூக்கிறாத, என்னா?"

"அம்மா, அலுமாரியில இருந்த போத்தல்ல என்னத்தப் போட்ட?"

அம்மா சிரித்தாள். இப்படி வெட்கப்பட்டுச் சிரித்து ஜெயராணி கேட்டதே இல்லை. "அதெல்லாம் பஸ்ஸுல வச்சுப் பேசப்படாது. ஆளுக இருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஜெயராணிக்கு எரிச்சலாக வந்தது. பேராதெனியவிலிருந்து கண்டி, கண்டியில் இறங்கி இன்னொரு பஸ், போயா நெரிசல். எப்படியும் இரண்டு மணித்தியாலம் ஆகும். அதற்குள் முடித்து, எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். கப்பல் வேலை என்று அம்மாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. அதிலும் பார் என்ற சொல்லை அம்மாவின் காதில் போடுவதை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

முதலில் தேயிலைச் சாயத்தை யோசித்தாள். நிறத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஊற்றும்போது கிளாஸின் உட்புறத்தில் வழிகிற விதத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர்கள்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பூண்டு போட்டாலும் பிராண்டி பிராண்டிதானே. வீடியோவில் மணமா வரப்போகிறது? வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். ஓமம் துணியில் தங்கியது. பூண்டு மணம் எங்கும் தங்காமல் வீடு முழுக்கச் சுற்றியது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ரசம் கொதிக்கிற சட்டிக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. முகம் சுளிக்காமல் இதைக் குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று தடவை பழகினாள். மூன்றிலும் மூக்கு காட்டிக்கொடுத்தது.

பிறகு போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்தாள். அது வழுக்கியது. தலையணையை அண்டக் கொடுத்தாள், மேசை மறைந்தது. கதிரை மேல் கதிரை வைத்தாள். எல்லாம் சரியாகி, "குட் ஆஃப்டர்நூன், மை நேம் இஸ்" என்று தொடங்கியதும் கீழே ஒரு த்ரீவீலர் ஹார்ன் அடித்து அடித்து யாரையோ கூப்பிட்டது. மறுபடி தொடங்கினாள், நாய் குரைத்தது. மறுபடி தொடங்கினாள், பள்ளிவாசலில் அசர் பாங்கு சொன்னார்கள். அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐஸ் கட்டிகள் கிண்ணத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று சரியும் சத்தம் கேட்டது. மூன்றே முக்கால் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் மை கரையும் என்று அடக்கிக்கொண்டாள்.

நாலாவது தடவை கை தானாக ஓடியது. அளவுக் கிண்ணத்தில் பிராண்டி, கொக்கோ, கிரீம். மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டு. தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினாள், பன்னிரண்டு எண்ணும்வரை, எஃகுக் குவளையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து விரல் விறைக்கும்வரை. வடித்தபோது நுரை ஒரே சீராக இறங்கியது. பதினைந்து நாளாகப் பாலையும் சாயத்தையும் வைத்துப் பழகியதில் ஒரு தடவைகூட இப்படி இறங்கவில்லை. சாதிக்காயை நாலு இழுப்புத் துருவினாள். கிளாஸைத் தூக்கி, போனைப் பார்த்து, சிரித்து, உதட்டில் வைத்தாள்.

"அடியே!"

கதவு சுவரில் மோதியது. பேச்சியம்மா இரண்டே எட்டில் அறையைத் தாண்டி வந்து கிளாஸின் மேல் அடித்தாள். கிரீம் சுவரில் தெறித்தது, கதிரை சரிந்தது, போன் குப்புற விழுந்தது. கிளாஸ் உடையாமல் உருண்டு அலுமாரிக்குக் கீழே போனது.

"பெத்ததுக்கப்புறம் குடிக்க வேண்டியத இப்பவே குடிக்கிறியேடி பாவி! வயித்துல இருக்குற புள்ளைக்கு என்னா ஆகும்னு தெரியாதா?"

ஜெயராணி வாயைத் திறந்தபடி நின்றாள்.

"எந்தப் புள்ள?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பெண்ணின் அலுமாரியில் பிராண்டிப் போத்தல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் பிடிக்காமல், வயிற்றுப் புண் ஆற, பூண்டும் மிளகும் ஊறிய பிராண்டியில் வேளைக்கு ஒரு மூடி கொடுப்பார்கள். ஆம்பளை குடிக்கிற போத்தல் கட்டிலுக்குக் கீழே இருக்கும். கல்யாணச் சேலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இது மட்டும்தான். மூன்று மாதம் முடியும்வரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் அம்மாவும் கேட்கவில்லை. தன் பங்குக்குப் பூண்டை உரித்துப் போட்டுவிட்டு, மகள் வருவதற்குள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"அம்மா, புள்ள இல்ல. ஒண்ணும் இல்ல. அது இதுக்கு வாங்குனது." சுவரில் வழிந்த கிரீமைக் காட்டினாள்.

பேச்சியம்மா சுவரைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். தோளில் இருந்த பையை இன்னும் இறக்கவில்லை.

"செவனம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்றாள்.

செவனம்மா லயத்தில் பக்கத்துக் காம்பறா வீட்டுக்காரி. அவளிடம் சொன்னால் போதும், மேல் லயம், கீழ் லயம், பிள்ளை பார்க்கும் மடுவம், கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சொன்ன மாதிரிதான்.

ஜெயராணி சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். கப்பல், ஒன்பது மாத ஒப்பந்தம், பார், ஐந்து மணி. சொல்லும்போதே கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போய்ப் போய் வந்தது, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"கடவுள் இன்னும் கண்ணத் தொறக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு வருடமாகச் சொல்லிவந்த பதில் நாக்கு நுனிக்கு வந்தது. குடுக்கிற நேரம் குடுப்பாரும்மா என்ற பதில். அதை இன்றைக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"கடவுள் குடுக்காம இல்லம்மா. நாங்கதான். சொந்தமா ஒரு வீடு கட்டுற வரைக்கும் வேண்டாம்னு நாங்கதான் இருந்தோம்."

பேச்சியம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப என்னோட செவ்வாய்க்கெழம?"

நாலு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அம்மா மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், மகளுக்கு ஒரு பிள்ளைக்காக. இரண்டு தடவை மலையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். அது தெரிந்தும் ஜெயராணி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, கடைசியில் அம்மாவின் வயிற்றைக் காயப்போட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. மன்னிச்சிரும்மா என்ற சொல் மட்டும் வரவில்லை.

நாலு பதினைந்து.

அவள் அலுமாரிக்குக் கீழே கையை விட்டுக் கிளாஸை எடுத்தாள். கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். கதிரையை நிமிர்த்தி, போனைத் துடைத்து நிறுத்தினாள். கொக்கோ லிக்கர் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. வடித்து வைத்த பிராண்டியை அளவுக் கிண்ணத்தில் ஊற்றியபோது அறையில் மறுபடியும் பூண்டு மணந்தது.

பேச்சியம்மா கட்டிலில் இருந்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதக் குடிச்சுக் காட்டணுமா?"

"ஒரு வாய்."

"குடிச்சிட்டு?"

"ருசி எப்பிடின்னு சொல்லணும்."

"அந்தப் பூண்டுத் தண்ணியக் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லப் போறியா?"

"வேற வழி இல்லம்மா. இன்னைக்கு எங்கயும் வாங்க முடியாது."

"பொய் சொல்லப் போற."

ஜெயராணி சுவரில் வழிந்த கிரீமைத் துணியால் துடைத்தாள்.

"எனக்குச் சொன்ன பொய்யோட நிப்பாட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா பையை மடியில் இறக்கினாள். கருப்பட்டி வந்தது. பேப்பர்ச் சரையில் பூண்டு வந்தது. துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பழைய நூல் சேலை ஒன்று, பிள்ளைத் துணிக்கென்று சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தது, வந்தது. அதை மட்டும் திருப்பிப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கடைசியாகப் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு போத்தல் வந்தது. சீல் உடைக்காத முழுப் போத்தல் பிராண்டி.

"நம்ம லயத்து சின்னமுத்து அண்ணன்கிட்ட காசு குடுத்து முந்தாநாளே வாங்கி வச்சேன், போயாவுக்கு முன்னாடி. உன் போத்தல் பத்தாதுன்னு நெனச்சேன். அந்த மனுசன் இத சீல் ஒடைக்காமக் கொண்டாந்து குடுத்ததே பெரிய காரியம்."

போத்தலை மேசையில் வைத்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. பேப்பர் மறுபடி போத்தலைச் சுற்றிக்கொள்ளப் பார்த்தது, அதை ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டே நின்றாள். மகளுக்கு அப்போது மணி மறந்துவிட்டது. இந்தப் போத்தலத் திருப்பிக் கொண்டுபோம்மா, இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேச்சியம்மா கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்களால் மூடியை ஒரு திருகு திருகினாள். சீல் கடகடவென்று உடைந்தது.

"ம். குலுக்கு" என்றாள்.

ஜெயராணி பூண்டுப் பிராண்டியைக் கொட்டி, போனை ஓடவிட்டு, புதியதை அளந்து குலுக்கினாள். முந்தின தடவை போலத் தோள் லாவகமாக இல்லை. பெயரைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் பிசிறியது. வடித்தபோது ஒரு சொட்டு கிளாஸின் வெளியே வழிந்தது, அதைத் துணியால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். பேச்சியம்மா போனுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வாய் குடித்தாள் ஜெயராணி. முதலில் கிரீம், பிறகு கொக்கோ, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு பிராண்டியின் சூடு நெஞ்சில் மெல்லப் பரவியது, மூக்கில் சாதிக்காய் நின்றது. அவள் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். சொன்னபோது அவள் போனைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள்.

நிறுத்தி, அனுப்பும் இடத்தை அமுக்கினாள். நாலு முப்பத்தெட்டு. வட்டம் சுற்றியது. பத்து வீதம், பதினொரு வீதம். சிக்னல் போய் வந்தது. ஜெயராணி போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். நாற்பதில் ஐந்து நிமிடம் அப்படியே நின்றது. படியில் இறங்கிப் பாதிவரை போய்ப் பார்த்தாள், மேலே ஏறி வந்தாள். நாலு ஐம்பத்தொன்பதுக்கு நூறு வீதம் என்று காட்டியது. அவள் அந்த இடத்திலேயே, நிலைப்படியில், உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பேச்சியம்மா மிச்சப் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மணந்து பார்த்தாள். ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"மருந்து மாதிரியே இல்லையே" என்றாள்.

"மன்னிச்சிரும்மா" என்றாள் ஜெயராணி. இப்போது வந்தது.

"வர்ற செவ்வாய்க்கெழம ரெண்டு வேள சோத்தச் சேத்துத் திம்பேன்" என்றாள் அம்மா. கோபம் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஒன்பது மாதத்துக்கும் அது போகாது என்றும் தெரிந்தது.

அப்போது பேச்சியம்மாவின் போன் அடித்தது. பொத்தான் வைத்த பழைய போன், காதில் வைத்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"என்னா பேச்சி, மகள் எப்பிடி இருக்கா? வாந்தி கீந்தி எடுக்குறாளா?" செவனம்மாவின் குரல்.

ஜெயராணி நிலைப்படியிலிருந்து எழுந்து நின்றாள். அம்மா கிளாஸை மேசையில் வைத்து, உதட்டில் ஒட்டிய கிரீமைப் புறங்கையால் துடைத்தாள்.

"அது இல்ல செவனம்மா. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். புள்ள ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செவனம்மா பேசாமல் இருந்தது ஜெயராணிக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

"மகள் கப்பலுக்கு வேலைக்குப் போறா" என்றாள் பேச்சியம்மா.

"கப்பலுக்கா? சமைக்கவா?"

"சமைக்க இல்ல. பாருல. பிராண்டி எல்லாம் கலந்து குடுக்குற எடம். அவளே கலப்பா, பாத்தேன். நானும் குடிச்சேன்."

"அடியாத்தே! வேல கெடச்சிருச்சா?"

பேச்சியம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"கெடச்சிருச்சான்னு கேக்குறா."

"இப்பதானேம்மா அனுப்புனோம். இருபத்திரண்டு பேரு இருக்காங்க. யாருக்குன்னு இன்னும் தெரியாது."

அம்மா பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"கெடச்சிருச்சு" என்றாள் போனில். "அடுத்த மாசம் போறா."